பதினெட்டாயிரம் அடி

பன்னிரண்டு வயதில் நான் ஒரே மாலையில் பதினெட்டாயிரம் அடி நடந்தவன். அதுவும் கட்டிலை விட்டு எழும்பாமல். சாட்சிக்கு ஆஸ்பத்திரிக் கணினி இருந்தது.

கல்முனையில் பாடசாலை உதைபந்தாட்டப் பயிற்சியின்போது பந்துக்கு எம்பிய நானும் கோல்கீப்பரும் தலையோடு தலை மோதிக்கொண்டோம். அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு எழும்பிவிட்டான். எனக்கு மூளை அதிர்வு என்றார்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகு, உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் மிஸ் என் கையில் கறுப்புப் பட்டியொன்றைக் கட்டிவிட்டார். மட்டக்களப்புப் பக்கத்துக்காரர், சத்தமாகக் கதைக்கமாட்டார்.

“தலையிடி வராத அளவுக்கு மெல்ல மெல்ல நடங்க தம்பி. எத்தனை அடி எண்டு இது எண்ணிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் கிரவுண்டுக்கு விடுறதை யோசிக்கலாம்” என்றார்.

கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் ஏறியது. இறுதிப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம். அடி கூடினால் கிரவுண்ட், குறைந்தால் கட்டில் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

ஆனால் நடக்க முடியவில்லை. முதல் நாள் கிணற்றடி வரைக்கும் போனபோது நிலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து படுத்தவன், பிறகு எழும்பப் பயந்தேன். என் தலை இனி இப்படியேதானோ என்ற பயம். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு நான் கிடந்ததை, பிள்ளை அடக்கமாக ஓய்வெடுப்பதாக உம்மா எல்லோரிடமும் மெச்சிக்கொண்டார்.

மிஸ்ஸிடம் திரும்பப் போவதற்கு முந்தின நாள்வரை பட்டியில் சொல்லும்படி எதுவும் ஏறவில்லை. அன்று பின்னேரம் உம்மாவின் தம்பி, என் மாமா, வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பார்க்க வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். சூட்டுக் கல்லில் ரொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகளையும் அவர் கையில் எடுத்தால் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பட்டியைக் கழற்றி நீட்டினேன். அவர் எதற்கென்றும் கேட்கவில்லை. “இவ்வளவுதானா மருமகன்? தா” என்று மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

மறுநாள் மிஸ் பட்டியைக் கணினியில் பொருத்திவிட்டு நீண்ட நேரம் திரையையே பார்த்தார். பகல் முழுவதும் தரையோடு கிடந்த கோடு, மஃரிபுக்குப் பிறகு பதினெட்டாயிரம் அடி காட்டி, தென்னை உயரத்துக்கு எழும்பியிருந்தது.

“பொழுதுபட்ட பிறகு எங்க ஓடின நீங்க தம்பி?”

நான் வாய் திறக்குமுன் உம்மா பட்டியை எடுத்து மணந்து பார்த்தார். “இதில கொத்து மணக்கிது” என்றார். தகடு பிடித்த கையின் ஒவ்வொரு ஆட்டத்தையும் பட்டி ஓர் அடியாக எண்ணியிருந்தது. கூட வந்திருந்த மாமா கூரை விசிறியை ஆராயத் தொடங்கினார்.

மிஸ் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. மாமா உயர்த்திய அந்தக் கோட்டை ஒதுக்கிவிட்டு, பகல் நேரத்துக் கோட்டில் விரலை வைத்தார். “இதுதான் உங்கட. எழும்பி நடக்கப் பயமா இரிக்கா?”

“ஓம்” என்றேன். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உம்மாவும் அழுதார்.

கொஞ்சம் கொஞ்சமாக நடக்க நடக்கத் தலைசுற்று தெளியும் என்று மிஸ் சொன்னார். தினமும் காலையில் என்னைக் கடற்கரையில் நடத்திக் கூட்டிவரும் பொறுப்பு மாமாவுக்கு. கடை பூட்டிச் சாமத்தில் வந்து படுக்கிற மனிதர், சுபஹ் தொழுத கையோடு கொட்டாவி விட்டபடி வாசலில் நிற்பார். என் களவுக்குத் துணைபோனதற்கு அவருக்கும் தண்டனை என்றே நினைத்தேன். முதல் நாள் கரையில் வரிசையாகக் கிடந்தவற்றில் இரண்டு தோணி தூரம், பிறகு மூன்று. தலை சுற்றினால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இறுதிப் போட்டி நான் இல்லாமலே நடந்து முடிந்தது. அடுத்த வருடம் அதே கிரவுண்டில் ஓடினேன், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அந்தக் கடற்கரை நடையின் முதல் வாரம் முடிந்து மிஸ்ஸிடம் போனபோது, ஆகக் கூடிய நாளில்கூடப் பட்டி காட்டியது வெறும் இரண்டாயிரத்து நூறு. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ திரையை உம்மாவின் பக்கம் திருப்பி, முகமெல்லாம் சிரிப்பாக, “பாருங்க, எல்லாம் தம்பியிட சொந்த அடி” என்றார்.

பதினெட்டாயிரத்துக்கு முகம் மலராதவர் இரண்டாயிரத்துக்கு இப்படிப் பூரிக்கிறாரே. பாவம், நல்ல மிஸ்தான், கணக்குத்தான் வராது என்று வீடு வரும்வரை மாமாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமாவும் “ஓம் மருமகன், ஓம்” என்று ஒத்துக்கொண்டார்.