எலும்புத்தூளும் மஞ்சளும்

இந்த வெள்ளைக்கார நாட்டில் மரங்களும் மச்சமாமிசம் தின்னும். பரமட்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் மாட்டின் இரத்தத்தையும் எலும்பையும் உலர்த்தி அரைத்த தூளைக் கையால் அள்ளி ரோசாச் செடிகளுக்குத் தூவுவார். அதே கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு சாண்ட்விச் தின்பார். ஊரிலிருக்கும் உங்களுக்கு இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது.

எனக்குச் சம்பளம் தருவதும் இந்தக் குமட்டல்தான். பீச் மரத்தை வெட்டிய இடத்தில் மறுபடி பீச் நட்டால் கன்று தேறுவதில்லை. பழைய வேரிலுள்ள பொலிபீனோல்கள், அதாவது தேயிலையிலும் வாழைக்காயிலும் நாக்கைத் துவர்க்கவைக்கும் அதே வகைப் பொருட்கள், காரணமோ என்று ஆய்வுகூடத்தில் தேடுகிறேன். வேரைக் கழுவி அரைத்து, சாற்றை ஒரு தாளின் அடியில் பொட்டாக வைத்து, நாற்றமெடுக்கும் ஒரு திரவத்தில் தொங்கவிட வேண்டும். திரவம் ஏற ஏற, ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். புறஊதா விளக்கில் அவை ஒளிரும். புதிதாக ஏதாவது அகப்பட்டால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேலதிகாரி பீட்டர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வருட முடிவில் மூட்டை கட்டவேண்டியதுதான்.

அந்த வேர்களிலும் எலும்புத்தூள் அப்பிக் கிடக்கும். செத்தவீட்டுக்குப் போய் வந்தவனைப் போல என்னை வாசலிலேயே மறித்து, மனைவி பூமணி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவாள். ஒருநாள் சின்னப் போத்தலில் மஞ்சள்தூளும் தந்துவிட்டாள்.

"சாப்பிட முன்னம் இதைப் பூசிக் கழுவுங்கோ. மாட்டெலும்பு தொட்ட கையாலை எப்பிடிச் சோத்தைத் தொடுவியள்?"

அன்றிலிருந்து அப்படியே செய்தேன். மனம் கொஞ்சம் ஆறியது.

பிறகு ஒரு மத்தியானம் விளக்கின் கீழ் யாரும் காணாத மஞ்சள் பொட்டொன்று சுடர்விட்டது. பீட்டர் என் முதுகில் அறைந்தார். "புதுப்பொருள்! வேலை உனக்குத்தான், மேட்!" கூடத்திலிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். வழக்கப்படி தாளை அமோனியாப் போத்தலின் வாயில் பிடித்தேன். மஞ்சள் சிவந்தது. அவர்கள் ஆரவாரித்தார்கள், நான் என் விரல்களைப் பார்த்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் வரும் ஆராத்திச் சிவப்பு அது. அந்த நிறம் தெரியாத யாழ்ப்பாணத்தான் உண்டா?

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கையில். ஆனால் இல்லாத ஒன்றைத் தேடி அத்தனை வேரையும் நான்தானே இனிக் கழுவவேண்டும்!

"இது வேரிலிருந்து வரவில்லை. என் விரலிலிருந்து வந்தது. எலும்புத்தூள் தொட்ட கையைச் சுத்தப்படுத்த மஞ்சள் பூசினேன்."

"அழுக்கைப் போக்கச் சாயமா பூசுவாய்?" பீட்டர் முகத்தைச் சுளித்தார். கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி, அதைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார். அதே கையால் சவுக்காரக் கட்டியை நீட்டினார். "இனிமேல் கையைச் சுத்தமாக வைத்திரு." வேலையைப் பற்றி அதன்பின் அவர் பேசவேயில்லை.

தோல் எரியும்வரை தேய்த்தேன். விளக்கின் கீழ் நீட்டிப் பார்த்தால் நகக்கண்களில் மஞ்சள் இன்னமும் ஒளிர்ந்தது.

மாலையில் பூமணி வாசலில் என் கையை மோந்து பார்த்தாள்.

"என்ன சவுக்காரம் இது? மாட்டுக் கொழுப்பெல்லே மணக்குது! உள்ளுக்கு வராதேங்கோ."

மஞ்சள் தண்ணீர்ச் செம்பைச் சரித்தாள். காலையில் இந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவினால்தான் ஆய்வுகூடத்தின் உள்ளே போகலாம் என்று நினைத்தபடி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு படியிலேயே நின்றேன்.