கழற்றி மாட்டிய ஈய அங்கி

எங்கள் மருத்துவமனையில், ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் கம்பி விடும் கேத் லேப்பின் கதவுக்கு வெளியே ஒரு கொக்கி இருக்கிறது. டாக்டரம்மாவின் ஈய அங்கி அதில்தான் தொங்கும். எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமலிருக்க நாங்கள் எல்லோரும் அப்படியொன்றை மாட்டிக்கொள்வோம். பாழாய்ப்போன கனம். நர்ஸ் வேலையில் நான் சேர்த்த ஒரே சொத்து இந்தக் கழுத்துவலிதான் என்று புலம்பினால், "கழுத்து வலிச்சா வலிக்கட்டும், வேற எதுவும் வராம இருந்தா போதும்" என்பார் டாக்டரம்மா. எல்லோரும் அங்கி போட்டாகிவிட்டதா என்று திரும்பிப் பார்க்காமல் அவர் எக்ஸ்ரேயை இயக்கும் பெடலில் கால் வைத்ததே இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் எந்நேரமும் கம்பெனி பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. செல்போன் கம்பெனி லைனில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம். இதயத் துடிப்பு விட்டுவிட்டு வந்தது. துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்காவிட்டால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. அவளோ நான்கு மாதக் கர்ப்பிணி. முந்தையது கலைந்துபோயிருந்தது. வயிற்றை மூடிக்கொண்டு, கம்பி போகும் வழியைக் கொஞ்சமாக எக்ஸ்ரேயில் பார்த்தால் குழந்தைக்குப் பெரிய ஆபத்தில்லை என்று டாக்டரம்மா எடுத்துச் சொன்னார். அவள் கதவருகே தொங்கிய அங்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபத்து இல்லன்னா நீங்க எல்லாரும் எதுக்குக்கா இந்தச் சட்டையப் போட்டுட்டு நிக்கீய?" என்று என்னிடம் கேட்டாள்.

நாங்கள் தினமும் கதிருக்குள் நிற்கிறவர்கள், நீ ஒருநாள் வந்து போகிறவள் என்று பதில் இருந்தது. நான் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "நியாயமாத்தானே கேக்குறா" என்றவர், சென்னையில் தான் படித்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, மேப்பிங் இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். மார்பிலும் முதுகிலும் ஒட்டும் பட்டைகள், உள்ளே போகும் கம்பியின் நுனி, இவற்றுக்கிடையே ஓடும் மெல்லிய மின்சாரத்தை வைத்தே இதயத்தின் உட்புறத்தைத் திரையில் வரைந்து காட்டும். எக்ஸ்ரே வேண்டியதில்லை.

அன்று காலை, அவளைப் படுக்கையோடு உள்ளே தள்ளும்போது, டாக்டரம்மா அவள் கண்ணெதிரே அங்கியைக் கழற்றி மாட்டினார். எங்களையும் கழற்றச் சொன்னார்.

"அவசரமா எக்ஸ்ரே போடணும்னா இன்னா மேடம் பண்றது?" என்றேன்.

"ஓடி வந்து மாட்டிக்கலாம். அவ பாக்கட்டும்."

கம்பி ஓரிடத்தில் வளைந்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றார். அப்போது டாக்டரம்மாவின் வலது கால், அவருக்கே தெரியாமல், பழக்கதோஷத்தில் பெடலைத் தேடித் தரையைத் துழாவியது. மயக்க மருந்து கொடுக்காததால் கால் உரசும் சத்தம் அந்தப் பெண்ணுக்குக் கேட்டது.

"எக்ஸ்ரே போட்டுட்டாங்களாக்கா?"

"இல்லம்மா. பெடல நான் தள்ளி வச்சிட்டேன், என் காலுக்குப் பின்னாடிதான் கீது."

டாக்டரம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கம்பியைச் சற்றே வெளியே எடுத்துத் திருப்பினார். அது உரிய இடத்தில் போய் உட்கார்ந்தது. மானிட்டரில் துடிப்பு சீரானபோது நான் அழுதேன், வெட்கமில்லை.

சில வருஷம் கழித்து அந்தக் கம்பெனி மூடியது. ஊருக்குப் போகுமுன் அந்தப் பெண் கடைசிப் பரிசோதனைக்கு மகனோடு வந்தாள். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாறியிருந்தார். அங்கி மட்டும் இங்கேயே தொங்கியது. பையன் அதைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை.

"ரொம்ப கனம்மா" என்றான்.

"ஆமாலே. அத எறக்கி வச்சிட்டுத்தான் ஒன்னக் காப்பாத்துனாங்க."

இன்று எங்களுக்கு எடை குறைந்த புது அங்கிகள் வந்துவிட்டன. அந்தப் பழையதை அகற்றச் சொன்னார்கள். கழுத்துவலியோடு அதைத் தூக்கித் தூசி தட்டி, மறுபடி அதே கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன்.