அம்மா ஏந்திய பிள்ளை

"இந்தக் குழந்தைக்கு ஞானத்தாய் யார்?" என்று சாமியார் இரண்டாவது முறையாகக் கேட்டார். யாரும் எழவில்லை. திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தது ஓடு வேய்ந்த சின்னக் கோயில். மாதத்துக்கு ஒருமுறை பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. நான் பாவாடை கட்டிய சிறுமி. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். கதவோரத்தில் கம்மாய்க்கரை வீட்டு அக்கா, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்த பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்தபடி தலைகுனிந்து நின்றாள்.

அவள் கணவன் பாம்பு கடித்து இறந்து நெடுநாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தை. தகப்பன் யாரென்று ஊர் கேட்டது, திட்டியது, அவள் வாய் திறக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு யாரும் ஞானத்தாயாக நிற்கக் கூடாதென்று முந்தைய நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவைச் சொன்னவர் கோயில் நாட்டாமையான என் அப்பாதான். அடுப்படியில் உலை வைத்துக்கொண்டே அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாமியார் கேட்டு நிறுத்தியதும் என் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு கதவுவரை நடந்தாள். "கொண்டாத்தா புள்ளய" என்று அக்காவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "நான் ஏந்திக்கிறேன் சாமி" என்றாள். குழந்தையின் சார்பில் ஞானத்தாய் சொல்லவேண்டிய பதில்களை ஓடு அதிரும்படி சொன்னாள். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, "விட்டுவிடுகிறேன்" என்று அவள் சொன்னபோது, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சத்தம் போட்டார். "நாலு பேருக்கு முன்னாடி எம் பேச்ச மண்ணாக்கிட்டியே!"

அம்மா நிதானமாகத்தான் பதில் சொன்னாள். "அவ பாவத்த நிறுத்துப் பாக்குற தராசு எங்கிட்ட இல்லீங்க. சிலுவையில தொங்குறவரு அவளப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிறலையே. நான் எதுக்குத் திருப்பணும்?"

அன்றோடு அப்பா அம்மாவிடம் நேரில் பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால்கூட, "ஒங்கம்மாகிட்டச் சொல்லு" என்று எங்கள் வழியாகத்தான் கேட்பார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் பெண்களுக்குச் செபமாலை சொல்லிக்கொடுப்பது அம்மாவின் வழக்கம். அதற்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. மாலையில் செபமாலையை எடுத்துக்கொண்டு கம்மாய்க்கரைக்குப் போய், அந்த அக்காவோடு முழங்காலிட்டுச் செபித்துவிட்டு, ஞானமகளைக் கொஞ்சிவிட்டு வருவாள்.

என் அக்காவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தத்துக்கும் இதனால் வினை வந்தது. மாப்பிள்ளையின் தாயார் வந்து உட்கார்ந்து, "அந்த வீட்டுச் சவகாசத்த விட்டுட்டீங்கன்னா மேக்கொண்டு பேசலாம்" என்றார்.

"ஏந்துன புள்ளய எறக்கி விட முடியாதுங்க" என்றாள் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அக்கா அன்று முழுக்க அழுதாள். அம்மா அவளைச் சமாதானப்படுத்தத் தெரியாமல் தலையை வருடிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு அக்கா என்ன செய்தாள் தெரியுமா? நேராகக் கம்மாய்க்கரைக்குப் போய், அந்தக் குழந்தையைத் தன் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் நடுவாகக் கோயிலுக்கு வந்தாள். அம்மாவின் மகள்கள் என்று எங்களைச் சொல்ல ஒரு தகுதி வேண்டுமென்றால், அதை அக்கா அன்றே சம்பாதித்துவிட்டாள். பிறகு நல்ல இடம் ஒன்று அவளைத் தேடி வந்தது.

ஓடித் திரியும் வயதில் அந்தக் குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் கண்டு ஜன்னி இழுத்தது. ஐப்பசி மாத அடைமழை. பெற்றவள் நடவுக்குப் போயிருந்தாள். அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் வரும் ரோட்டை நோக்கி மழையில் ஓடினாள். குடை பிடிக்கிறேன் என்று நானும் பின்னால் ஓடினேன். கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னால் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டது. அப்பா. வண்டியை நிறுத்தினார், ஏறச் சொல்லவில்லை, இறங்கி வந்து அம்மாவின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கி வைக்கோல் மீது படுக்க வைத்தார். தன் துண்டால் போர்த்தினார். நாங்களும் ஏறிக்கொள்ள, திருமயம்வரை மாடுகளை விரட்டிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "புள்ள ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா நனைந்த வேட்டியோடு நின்றார். அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "எம் மக" என்றார்.

அம்மா சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. நட்ட கையோடு, சேறு காயாத காலோடு அவள் தாய் ஓடி வந்து அப்பாவின் காலில் விழப்போனாள். "எந்திரி ஆத்தா, கோயிலுக்கு வர்றப்ப இனிமே கதவுகிட்ட நிக்காத. உள்ள வந்து உக்காரு" என்றார் அவர். ஊர் கேட்டபோதும், அவள் உள்ளேதான் உட்காருவாள் என்று சொன்னார். முணுமுணுத்தவர்கள் உண்டு, எழுந்து போனவர்கள் இல்லை.

இன்று எங்கள் பங்குக் கோயிலில் பளிங்குத் தரையும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. இரக்கத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன், நல்ல பிரசங்கங்கள்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத என் அம்மா பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. அவளுடைய ஞானமகள் இப்போது பேரன் பேத்தி எடுத்தவள். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவுக எங்கூடப் பொறந்தவுக" என்றுதான் சொல்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன்.