கத்தாத பிரேக்

சத்யப்பிரியாவின் கார் முதலியார்பேட்டைத் தெருவுக்குள் திரும்பினால் முதலில் எழுந்து ஓடுவது நாய்கள்தான். அப்படியொரு கீச்சுச் சத்தம் அந்த பிரேக்கில். அடுத்ததாக, மாடியில் நிற்கும் அவள் புருஷன் புருஷோத்தமனின் முகம் கடுகடுவென்று ஆகும். கல்யாணமாகி இரண்டு வருஷம். அந்த வீட்டில் பாதிச் சண்டை இந்த பிரேக்கால்தான். மீதிப் பாதிக்குக் காரணமே தேவைப்படவில்லை.

அவள் வம்பாக்கீரப்பாளையத்துக்காரி. அப்பாவின் மினி வேனில் ஐஸும் மீனும் ஏற்றி ஓட்டிப் பழகிய கை. இப்போது ஆஸ்பத்திரி லேபில் வேலை. வாரமெல்லாம் ரத்த சாம்பிளோடு மாரடித்துவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு சென்னைப் பக்கத்து ரேஸ் ட்ராக்குக்குப் போய் அதே காரை விரட்டுவாள். யாரோடும் போட்டி கிடையாது. போன தடவையை விட வேகமாகச் சுற்றி வந்தால் போதும், அன்றைக்கு முழுக்க முகத்தில் சிரிப்பு நிற்கும். கட்டினவனுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பொறுக்கவில்லை என்றால் அவனை என்னவென்று சொல்வது!

மிதித்ததும் சக்கரத்தைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் அந்த பிரேக் பேட் விஷயத்தில் அவள் அவசரப்படவே இல்லை. உப்பளத்து மெக்கானிக் அய்யப்பனோடு பேசிப் பேசித்தான் முடிவெடுத்தாள். ரேஸ் பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் கிளம்பின கையோடு ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் அதோகதிதான். சாதாரண பேட் தெருவுக்குத் தங்கம். ட்ராக்கில் சூடு தாங்காமல் கருகிக் கைவிட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது.

"ரெண்டு எடத்துலயும் நிக்கும்மா. ஆனா கத்தும். சக்கரமெல்லாம் கரி புடிக்கும். பரவால்லியா?" என்று கேட்டார் அய்யப்பன்.

"கத்திட்டுப் போவட்டும்ணா. நின்னா போதும்."

புருஷோத்தமனுக்குப் போதவில்லை. "தெருவே சிரிக்குது. பொம்பளைக்கு ரேஸ் ஒரு கேடு!"

"சிரிக்கிறவங்ககிட்டப் போய் கேளுங்க. எங்கிட்ட எதுக்குப் பாயுறீங்க?"

இத்தனைக்கும் தினமும் அந்தக் காரில்தான் ஆபீஸ் வாசலில் போய் இறங்குவான். சொகுசுக்கு மட்டும் கார் வேண்டும், வெட்கங்கெட்டவன்!

ஒருமுறை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரை விட்டுவிட்டுப் போய், பிறந்த வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினாள். காரை எடுத்தால் சத்தத்தைக் காணோம்.

"பக்கத்துக் கடையில ஓரத்த லேசா தேச்சு உடச் சொன்னேன். உனக்காகத்தான்," என்றான் புருஷோத்தமன்.

பேட்டின் ஓரத்தைத் தேய்த்தால் கத்தல் அடங்கும் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் நம்பிவிட்டாள். நம்பியது மட்டுமா, மனசு இளகிப்போய் அன்றைக்கு அவனுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாள், பாவி மகள்!

அந்த ஞாயிறு ட்ராக்கில் நாலைந்து சுற்று நன்றாகத்தான் போனது. அப்புறம் நேர்ப்பாதை முடிந்து வளைவு வரும் இடத்தில் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. பலம் கொண்டமட்டும் மறுபடி மிதித்தாள். பெடல் கல்லாகக் கெட்டித்துக் கிடந்ததே தவிர வேகம் குறையவில்லை. கருகல் நாற்றம் மூக்கில் ஏறியது. கியரைப் படபடவென்று இறக்கினாள். "அம்மா!" என்று தான் அலறியது அவளுக்கே கேட்டது. பாதையை விட்டு ஓடிய கார் சரளைக் கற்களில் புதைந்து, டயர்களை அடுக்கிய சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாள். அவள் வாங்கிய பேட்டே அங்கே இல்லை. சாதாரண பேட் ஒன்று கருகிப் பொரிந்துபோய் இருந்தது.

அங்கேயே ஒருவரிடம் வேறு பேட் வாங்கி மாட்டிக்கொண்டு வீடு வந்தாள். கருகியதை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

அவன் அதைப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றான்.

"மாத்துனீங்களா?"

"ஆமா. சத்தம் தாங்கல."

"நான் ட்ராக்குக்குப் போறேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"மாட்டுனவன் ஒண்ணும் சொல்லலியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "சொன்னான். ரேஸுக்குப் போனா புடிக்காதுன்னான்."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

"ஒரு தடவ நல்லா பயந்துட்டா நீயே நிறுத்திக்குவன்னு நெனச்சேன்டி. இப்ப இன்னா, முழுசாத்தான வந்து நிக்கிற?"

அழுகை வரவில்லை அவளுக்கு. அறைக்குள் போய்க் கைக்குக் கிடைத்த துணியை எல்லாம் பையில் திணித்தாள். எச்சில் கையோடு வாசலில் வந்து மறித்தான் அவன்.

"பிரேக்குக்காக எவளாவது வீட்ட உட்டுப் போவாளா?"

"நீங்க நெனச்சபடியே பயந்துட்டேங்க," என்றாள் சத்யப்பிரியா. "ட்ராக்குல ஓட்டப் பயமில்ல. உங்க பக்கத்துல படுத்துத் தூங்கத்தான் பயமா இருக்கு."