கிருபாபாய் கண்டுபிடித்த அண்ணன்

குன்னத்துகாலில் கிருபாபாயிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனவர்கள் யாரும் சொந்தமில்லாமல் திரும்பி வந்ததில்லை. டேப்பைத் தோளில் வைக்கும்போதே, "எந்த வீடு, யாருக்க மகளாக்கும்?" என்று தொடங்கிவிடுவாள். கை அளவு எடுத்து முடிவதற்குள் வந்தவளுடைய அம்மை வழியில் ஒரு சித்தியையோ அப்பன் வழியில் ஒரு மாமனையோ பிடித்துவிடுவாள். சொந்தம் என்று ஆன பிறகு தையல் கூலியை வாய்விட்டுக் கேட்க முடியுமா? அவளைக் கெட்டின ரெத்தினதாஸ் காரக்கோணத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். அவன் பேச்சு கொஞ்சம்தான். "நீ துணியை அள, வம்சத்தை அளக்காதே" என்று மட்டும் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்டால்தானே.

ஒரு தடவை பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரிசையில் முன்னால் நின்றவளைப் பெரியம்மை மகள் என்று கண்டுபிடித்தாள். அவள் தனக்கு முன்னால் நின்ற நாத்தூனைக் காட்டினாள். நாத்தூன் தன் மாமியாரைக் காட்டினாள். இப்படி எல்லோரையும் சுகம் விசாரித்து முடித்தபோது டாக்டர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அதற்குள் பல்வலியும் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மகன் ஷாஜி எட்டாம் வகுப்பு. தொண்ணூற்றி நாலில் டிவி உள்ள வீட்டில் போய் கால்பந்து உலகக் கோப்பை பார்த்தவன், அதற்குப் பிறகு சும்மா நடந்து போனதை யாரும் கண்டதில்லை. குரும்பையோ சிரட்டையோ எதையாவது காலால் தட்டிக்கொண்டேதான் போவான். அடுத்த வருஷம் அவனைப் பொன்னுதாஸ் சாருடைய பந்துகளிக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பொன்னுதாஸ் பட்டாளத்திலிருந்து பென்ஷனாகி வந்தவர். ஊர்ப் பயல்களைக் கூட்டிச் சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்துகளி படிப்பித்தார். அவர் விசில் ஊதினால் ஓரத்தில் மேய்கிற ஆடுகூட வாயை நிறுத்தும். பிள்ளையைப் பெற்றவர்கள் அவர் முன்னால் 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'பட்டாளம்' என்பார்கள். ஷாஜி ஓடுவதைப் பார்த்து, "பயலுக்குக் காலு உண்டு" என்று அவர் சொன்னார். அது போதாதா? ஓணத்துக்கு நெய்யாற்றின்கரையில் பயல்களுக்கு செவன்ஸ் பந்தயம். கூட்டத்துக்கு ஏழு பேர். அதில் ஒருவன் ஷாஜி என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கிருபாபாய் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் உறுதியான காரியத்தையும் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிவைப்பது தையல்காரியின் பழக்கம். ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள் பலரும் நின்றார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"சாரே, உங்க அம்மைக்க அம்மை மஞ்சவிளாகத்துப் பாக்கியம்தானே?"

"ஆமா" என்றார் அவர்.

"அப்பம் எனக்க அம்மைக்க அம்மை அவியளுக்குக் கூடப்பிறந்த தங்கச்சியாக்கும். நீங்க எனக்கு அண்ணன் முறை வரும். ஷாஜி உங்களுக்கு மருமவன்."

பொன்னுதாஸ் வாயிலிருந்த விசில் நழுவி நெஞ்சில் தொங்கியது. வருஷக்கணக்காக வடக்கே பனியில் கிடந்த மனுஷன், இப்படி ஒரு தங்கச்சி தனக்கு உண்டு என்று எப்படி அறிவார்? சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பரம சந்தோஷம். அண்ணனுக்கு நாணம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஷாஜியைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டார். களிக்கிற பயல்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு அவன் காவல்.

சொந்தம் போதவில்லை போலிருக்கிறது என்று கிருபாபாய் கணக்குப் போட்டாள். வீட்டு முற்றத்துப் பலாவில் காய்த்த வரிக்கச் சக்கையில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பொன்னுதாஸ் அதே சக்கையைத் தோளில் சுமந்து வந்து அவள் முற்றத்தில் வைத்தார். "இது வேண்டாம்" என்றார், போய்விட்டார். அங்கே சக்கை வெட்ட ஆளில்லை போலும் என்று அவள் அதை வெட்டி, சுளை அரிந்து, எண்ணெயில் வறுத்து டப்பாவில் போட்டுத் திரும்பவும் கொடுத்துவிட்டாள். டப்பாவும் திரும்பி வந்தது. ஷாஜி அன்றைக்குச் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கியதாகக் கேள்வி.

ராஜபாய் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் மகனும் அந்தக் கூட்டத்தில் களிப்பவன். போன வருஷம் இறுதிப் பந்தயத்தில் பொன்னுதாஸ் தன் உடன்பிறந்தாள் மகன் பிஜியைப் பெனால்டி அடிக்கச் சொன்னாராம். அவன் அடித்த பந்து போஸ்டுக்கு மேலே பறந்து ஒரு சாயாக்கடை ஓட்டில் போய் விழுந்ததாம். பெற்றவர்கள் எல்லோரும் பொன்னுதாஸைச் சுற்றி நின்றுகொண்டார்கள். மருமவன் என்பதால்தானே அடிக்கவிட்டீர் என்று கேட்டார்கள். முன்னால் நின்று கேட்டது சுயம்பு, கூட்டத்தில் களிக்கிற அபிஜித்தின் அப்பன், உரக்கடைக்காரர். பொன்னுதாஸ் அந்த இடத்திலேயே, இனி என் சொந்தக்காரப் பயல் ஒருவனும் இந்தக் கூட்டத்தில் களிக்கமாட்டான் என்று சத்தியம் செய்துவிட்டார். பிஜி அன்றைக்கே கூட்டத்தை விட்டுப் போனான்.

"நீ போயி சொந்தம் செல்லி மகனுக்க காலை ஒடிச்சுப் போட்டியேடீ" என்றாள் ராஜபாய்.

கிருபாபாயின் கையிலிருந்த டேப் தொங்கியது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொந்தம் கண்டுபிடித்தவள், முதல் தடவையாக ஒரு சொந்தத்தை எப்படித் தொலைப்பது என்று யோசித்தாள். அது வேறு பாக்கியம், பெயர் மாறிப்போயிற்று என்று சொல்லிவிடு என்று ராஜபாய் வழி சொன்னாள். இவளுக்கோ அந்தப் பொய் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. பாட்டி ரெண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். ஷாஜி பூட்ஸைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். களிக்கவே இல்லை, பிறகு எதற்குத் துடைக்கிறான்? அம்மையோடு அவன் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஏழு பேர் யார் யார் என்று சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு பொன்னுதாஸ் பெற்றவர்களை மைதானத்துக்கு வரச்சொல்லியிருந்தார். சுயம்பு நெற்றியில் பட்டையோடு கோயிலிலிருந்து நேரே வந்திருந்தார். பெயர்களை வாசித்து முடிந்ததும் யாருக்காவது பரிபவமோ குறையோ உண்டா என்று பொன்னுதாஸ் கேட்டார். கிருபாபாய் எழுந்தாள். வழியெல்லாம் சொல்லிப் படித்துக்கொண்டு வந்த பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"அண்ணா, நமக்குள்ள ஒரு சொந்தமும் கெடையாது."

மைதானமே சிரித்தது. ராஜபாய் தலையில் கைவைத்துக்கொண்டாள். ரெத்தினதாஸ் ஜீப் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தான். சுயம்புதான் அதிகம் சிரித்தார். சட்டம் சட்டம்தான், பெற்றவர்கள் முன்னால் செய்த சத்தியம், ஒருத்திக்காக மாற்றக்கூடாது என்றார். போன வருஷம் பெற்றவர்களுக்கு வந்த சங்கடம் இந்த வருஷமும் வரவேண்டாம் என்று இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பொன்னுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேல் தூக்கிவைத்த சுமையை இறக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் நிற்கிற ஆள் மாதிரி இருந்தது அவர் நிற்பு.

கிருபாபாய்க்கு அப்போதுதான் கண் தெளிந்தது. பொய் அவளுக்கு வராது. உண்மை எவ்வளவு வேண்டுமானாலும் வரும்.

"சரி, சட்டம் சட்டமாவே இருக்கட்டு" என்றாள். "சுயம்பு அண்ணே, உங்க தாத்தா பேரு என்ன?"

சுயம்புவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது இப்பம் எதுக்கு?"

"நான் செல்லுதேன். சுடலைமுத்து. அவருக்க கூடப்பிறந்த தம்பி மாடசாமி. மிஷன்காரங்க வந்த காலத்துல தம்பி வேதத்துல சேர்ந்து மாசிலாமணி ஆனாரு. அண்ணன் சேரல்ல. அந்த மாசிலாமணிக்க பேரனாக்கும் இந்தா நிக்கிய பொன்னுதாஸ் அண்ணன். எனக்க மவன் அவருக்கு மருமவன் முறை, ஒத்துக்கிடுதேன். உங்க மவன் அபிஜித் அவருக்கு மகன் முறையாக்கும்."

சுயம்புவால் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் இரண்டு வீட்டுக்கும் இடையே பலகாரப் பாத்திரம் போய்வருவது ஊருக்கே தெரியும். தெரிந்ததை யாரும் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான். "எம்மா, சும்மா இரும்" என்றார் மெதுவாக.

சும்மா இருக்கிற கட்டம் தாண்டிவிட்டது. அவள் ராஜபாய் பக்கம் திரும்பினாள். ராஜபாய் புருஷனுடைய தங்கச்சியைத்தான் பொன்னுதாஸின் மச்சினன் கெட்டியிருக்கிறான். அதைச் சொன்னதும் ராஜபாய், "எடீ, உனக்கு நல்லது செல்லித் தந்தவளாக்கும் நான்" என்று பதறினாள். கிருபாபாய் அவளையும் விடவில்லை, அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் விடவில்லை. ஒருவனுக்குப் பெரியப்பா முறை, ஒருவனுக்குக் கொழுந்தன் வழி, ஒருவனுக்கு ஞானஸ்நானத்தில் ஏந்தின உறவு. இரண்டு அப்பன்மார் தங்கள் முறை வருமுன் நழுவிப் போக ஜீப்புக்குப் பின்னால் மறைந்தார்கள். அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொந்தம் சொன்னாள்.

கடைசியில் மிச்சம் நின்றது ஜிஜி ஒருவன். ஆஸ்பத்திரியில் வேலைக்காகக் கோட்டயத்திலிருந்து வந்த குடும்பம். கிருபாபாய் அவன் அப்பனை மேலும் கீழும் பார்த்தாள். அந்த மனுஷர் அவசரமாக, "எனிக்கு இவிடெ ஆரும் இல்ல சேச்சி" என்றார்.

"அப்பம் சட்டப்படி ஜிஜி மட்டும் களிக்கலாம்" என்றாள் கிருபாபாய். "ஒத்தப் பயலு ஏழு எடத்துல நிப்பானா, அதைச் சார்தான் செல்லணும்."

முதலில் சிரித்தது பொன்னுதாஸ். விசிலைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போன வருஷம் செய்த சத்தியத்தைப் பெற்றவர்களே திரும்ப எடுத்துக்கொள்ளட்டும் என்றார். யாருக்கு யார் என்ன முறை என்று இனி நான் பார்க்கமாட்டேன், காலை மட்டும் பார்ப்பேன், நாளைக்கு எல்லாப் பயல்களும் வரட்டும், பிஜியும் வரட்டும் என்றார். சுயம்பு எதிர்க்கவில்லை. எதிர்த்தால் அபிஜித்துக்கு ஆபத்து.

மறுநாள் பயல்கள் எல்லோரும் வெயில் தாழும்வரை ஓடினார்கள். ஷாஜி பெயர் ஏழில் வந்தது. ஆனால் கோல் அடிக்கிற முன்வரிசையில் இல்லை. பின்னால் நின்று தடுக்கிற இடத்தில் அவனை நிறுத்தினார் பொன்னுதாஸ். பயல் அதற்கே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். கிருபாபாய்க்குத்தான் பொறுக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி, காலு உள்ள பயலைப் பின்னால் கொண்டு நிறுத்துவது என்ன நியாயம் என்று தொடங்கினாள்.

பொன்னுதாஸ் அவளை நேராகப் பார்த்தார்.

"தங்கச்சி, இது எனக்க எடம். நீ கோட்டுக்கு வெளிய போயி நில்லு."

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். கிருபாபாய் வந்த வழியே திரும்பி நடந்து, கோட்டை மிதிக்காமல் தாண்டி, ராஜபாய் பக்கத்தில் போய் நின்றாள். ராஜபாய் அவளைக் கிள்ளினாள். ஷாஜி தன் பக்கம் வந்த பந்தை எகிறித் தடுத்துவிட்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, "அம்மா, கண்டியா" என்று கேட்டான்.