மாடிக்குப் போகாதீங்க அக்கா

போன வருஷம் ஆவணி மாதம் நடந்தது இது. காஞ்சிபுரத்தில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். பதினோரு வருஷமாக அதே கடைதான். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஒன்பதரைக்கெல்லாம் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது இந்தக் கடையில் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு அப்போது எனக்கு உண்டு. கொஞ்சம் வாய் நீளம் என்றும் வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். கணக்கு முழுக்க இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் மாடியில், புடவைச் சரக்கு அடுக்கியிருக்கும் அறையில் இருக்கிறது. பில் போடுவதற்குக் கீழே இரண்டு. மூன்றையும் வயர் போட்டு இணைத்திருக்கிறார்கள். நான் கீழே போடுகிற பில் அந்த வயர் வழியாக மாடிக்குப் போய்ப் பதிவானால்தான் அச்சாகும். வயரில் தொடர்பு விட்டுப்போனால் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று திரையின் நடுவில் ஒரு கட்டம் வரும். அது போகிறவரை மவுஸை எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

ஆவணி பிறந்ததிலிருந்து அந்தக் கட்டம் தினமும் வர ஆரம்பித்தது. வேறு கடையாக இருந்தால் ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களிடம் அது நடக்காது. ராகு காலம் பிறப்பதற்குள் பில் போட்டுப் பையைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஒருநாள் ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து அரக்கு நிறத்தில் முகூர்த்தப் புடவை எடுத்தது. பில் போடப் போனேன், கட்டம் வந்துவிட்டது. கையால் எழுதித் தருகிறேன் என்று கெஞ்சினேன். கூட வந்திருந்த அத்தை ஒருத்தர், “மொதப் பொடவையிலயே தடங்கலா இருக்குது, வாணாம்” என்று சொல்லிவிட்டார். எல்லோரும் புடவையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பெண்ணின் முகம் வாடியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் மூன்று தடவை வந்தார். விளக்கு மினுக்கும் சின்னப் பெட்டியை மாற்றினார். வைரஸ் தடுக்கும் புரோகிராமை நிறுத்திப் பார்த்தார். ஏதேதோ எண்களை மாற்றினார். அவர் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை காலியாக இருக்கும்போதுதான் வருவார், அப்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். கடைசியில் அவர் போனில், எப்போதெல்லாம் தொடர்பு போகிறது, அந்த நேரத்தில் கடையில் என்ன நடக்கிறது என்று எழுதி வையுங்கள் மேடம் என்றார். நல்ல யோசனைதான். அதை நான் எப்படிச் செய்தேன் என்பதில்தான் வினை.

எங்கள் கடையில் ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் அக்கா ஒருவர் வேலை செய்கிறார். ஐம்பது வயதிருக்கும். பெருக்குவது, துடைப்பது, வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது எல்லாம் அவர்தான். காபி போடுகிற இடமும் மாடியில் அந்தச் சரக்கு அறையின் ஒரு மூலையில்தான் இருக்கிறது. எட்டு வருஷமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறார்.

நான்கு நாள் எழுதினேன். ஏழு தடவை தொடர்பு போயிருந்தது. ஏழு தடவையும் அக்கா மாடியில் இருந்தார். தண்ணீர் காய வைக்கிற கெட்டிலைச் சொருகுவதற்காகக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குகிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். ரிப்பேர்காரரால் முடியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியவில்லை. மாடிக்குப் போய் ஒரு தடவை பிளக்கைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. நேராகக் கடை நடுவில், விற்பனை ஆட்கள் அத்தனை பேரும் இருக்கும்போது, நோட்டை விரித்து முதலாளியிடம் காட்டினேன்.

அக்கா ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தார். “நான் அந்தப் பொட்டி கிட்டக்கூடப் போறதில்லம்மா. கெட்டிலுக்குத் தனி பிளக்கு இருக்குது. காப்பி கலந்துக்கினு வந்துடுவேன், அவ்ளோதான்” என்றார். ஏழு தடவையும் எப்படிக்கா சரியா இருக்கும் என்று கேட்டேன். அவர் ஈரத் துணியை மடித்துக்கொண்டே முதலாளியைப் பார்த்தார். முதலாளி இனிமேல் மாடிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நானும் என் பங்குக்கு, “கொஞ்ச நாளைக்கு மாடிக்குப் போகாதீங்க அக்கா” என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

பட்டுக் கடையில் ஒரு ஆளை மாடிக்கு விடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாடியில் சரக்கு இருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நோட்டும் ஏழு தடவையும்தான் பெரிதாக இருந்தது. சாயங்காலமே பக்கத்துக் கடை வாட்ச்மேன் எங்கள் விற்பனை ஆளிடம் எத்தனை புடவை போச்சு என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆளும் தெரியாது என்று சொன்னாரே தவிர, ஒன்றும் போகவில்லை என்று சொல்லவில்லை.

அடுத்த இரண்டு நாளும் தொடர்பு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. நான் சொன்னது சரிதான் என்று எனக்கு உள்ளூர ஒரே பெருமை. அந்த இரண்டு நாளும் அஷ்டமி, நவமி, கல்யாணப் புடவை எடுக்க ஒரு ஈ காக்கை வரவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மூன்றாம் நாள் தசமி. அன்று அக்கா வேலைக்கு வரவில்லை. குட்டு வெளிப்பட்டதில் ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று என் பெரியம்மா வீட்டிலிருந்தே புடவை எடுக்க வந்தார்கள். அவர் பேத்திக்குக் கல்யாணம். மொத்தம் பதினாலு பேர். எங்கள் கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும், அதில் உட்கார்ந்துதான் புடவை பார்ப்பார்கள். பதினாலு பேர் உட்கார்ந்ததில் மெத்தை நிறைந்துவிட்டது. பெரியம்மா கொஞ்சம் கனமான உடம்பு. கடைசி மூலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து காபி வாங்கிக் கொடுத்தோம்.

பில் போட உட்கார்ந்தேன். கட்டம் வந்துவிட்டது.

மாடியில் யாருமே இல்லை. அதற்குள் பெரியம்மா, “அடியில இன்னாவோ குத்துதுடி” என்று முனகிக்கொண்டே எழுந்து தள்ளி உட்கார்ந்தார். பிரிண்டர் தானாகக் கடகடவென்று பில்லை அடித்தது. பெரியம்மா, திரும்பவும் அங்கேயே உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார், கட்டம் வந்தது. எழுந்தார், போய்விட்டது. இப்படி மூன்று தடவை. “ஏன்டி, முட்டி வலிக்காரிய வெச்சி சர்க்கஸ் காட்டிக்கினு இருக்கியா?” என்று அவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம். வயரின் இணைப்பு நசுங்கிப்போய்க் கிடந்தது.

அதை அங்கே வைத்தது நான்தான். ஆடியில் வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் சொன்னார் என்று கல்லாவை வடக்குப் பக்கம் மாற்றினார் முதலாளி. பழைய வயர் எட்டவில்லை. இன்னொரு துண்டை ஒட்டினார்கள். அந்த இணைப்பு நடக்கிற வழியில் கிடந்தது. யார் காலிலாவது தட்டப்போகிறதே என்று நானே என் கையால் மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டேன், அப்புறம் மறந்தும் போனேன். ஆடியில் கல்யாணக் கூட்டம் கிடையாது. இரண்டு மூன்று பேர் வந்தால் யாரும் அந்த மூலைக்குப் போவதில்லை. பெரிய குடும்பமாக வந்தால்தான் அந்த மூலை நிறையும். பெரிய குடும்பமாக வந்தால்தான் எங்கள் கடையில் காபியும் கொடுப்போம். அக்கா மாடிக்குப் போனதும் தொடர்பு போனதும் ஒரே காரணத்தால்தான். கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று என் நோட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

அக்காவை ஆள் அனுப்பி வரச் சொல்லிவிடலாம் விடும்மா என்றார் முதலாளி. எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானமே ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். அக்கா உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. “நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதாம்மா? அத எங்கிட்டயே வந்து சொல்றியே. நேத்து சாயங்காலம் அதே தெருவுல வேற கடையில வேல கேட்டேன். அங்க உன்ன மாடிக்கே வுடலையாமேன்னு கேக்கறாங்க. அங்க வந்து சொல்லு” என்றார். அதுவரை என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டவர் அன்றுதான் ‘நீ’ என்றார். அது எனக்குத் தேவைதான்.

மறுநாள் காலை, ஷட்டர் தூக்குகிற நேரம். அப்போது தெருவில் உள்ள கடை ஆட்கள் எல்லோரும் எங்கள் கடைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் கடைப் படியில் நின்று பேசினேன். எங்கள் கடையில் ஒரு முந்தானை நூல்கூடக் காணாமல் போகவில்லை, வயரை மெத்தைக்கு அடியில் வைத்தது நான், பழியை அக்கா மேல் போட்டதும் நான் என்று சொன்னேன். பக்கத்துக் கடை வாட்ச்மேன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் சரி சரி விடும்மா என்றார். அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, நான் முடிக்கிறவரை நின்று கேட்டார். அப்புறம் உள்ளே வந்து முதலாளியைப் பார்த்து, “மேல போவலாமா?” என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போ, போ என்றார்.

அன்றைக்கே சுவர் ஓரமாகப் புது வயர் போட்டார்கள், அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு பில் ஒருநாளும் நின்றதில்லை. அக்கா இன்றைக்கும் எங்கள் கடையில்தான் இருக்கிறார். என்னோடு சிரித்துப் பேசுகிறார், எனக்குச் சர்க்கரை குறைவாகப் போட்டுத் தனியாகக் காபி கொண்டுவந்து வைக்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவை மாடிக்குப் போகும்போதும் என் நாற்காலி பக்கத்தில் நின்று, “மேல போறேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். முன்பெல்லாம் சொல்ல மாட்டார். அப்படிச் சொல்லாதீங்க அக்கா என்று எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன். “சொல்லிட்டுப் போறதுல இன்னா இருக்குது?” என்று சிரிக்கிறார்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எட்டு வருஷம் யாரையும் கேட்காமல் ஏறிய படியை இப்போது தினமும் சொல்லிவிட்டு ஏறும்படி அவரை ஆக்கியது நான்தான் என்பது, அவர் குரல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.