பல் பார்த்து வாங்கிய சைக்கிள்

என் வீட்டுக்காரர் மாட்டின் வாயைத் திறந்து பார்த்து வயது சொல்வதில் கெட்டிக்காரர். மதுரைக்கு மேற்கே எங்கள் ஊரில் யார் மாடு வாங்கப் போனாலும் அவரையும் கூட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போவார்கள். பல் தேய்ந்து மொட்டையாகியிருந்தால் கிழடு, வேண்டாம் என்று கையை உதறிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள், மாட்டுப் பல்லில் எனக்கென்ன தெரியும்? ஆனால் அதே கண்ணோடு மனுசன் சைக்கிள் வாங்கவும் கிளம்புவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு எனக்குக் கல்யாணமாகியிருந்தது. எங்கெங்கோ எழுதிப் போட்டு, கடைசியில் நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் வேலைக்குப் போவதில் என் மாமியாருக்கு இஷ்டமே இல்லை. இந்த ஒரு தடவை போய்ப் பார்க்கட்டும், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவாள் என்று இவர்தான் பேசிச் சம்மதம் வாங்கினார். ஆக எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் ஊருக்குக் காலை பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அதை நம்பாதே, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி, மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்குப் பழைய சைக்கிள் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். செயின் தொளதொளவென்று தொங்கியது. கடைக்காரர் புதுச் செயின் போட்டுத் தருகிறேன், ஆனால் பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றார். ஃப்ரீவீல் என்பார்களே, அது. இவர் குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொரு பல்லையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் முள் மாதிரி கூராக இருந்தன. கடையில் தொங்கிய புதுப் பல்சக்கரத்தையும் வாங்கித் தடவினார். அதில் பல் நுனியெல்லாம் தட்டையாக, மழுங்கலாக இருந்தது.

"இம்புட்டுக் கூரா இருக்கிறதைப் போய் மாத்தச் சொல்றீங்களேண்ணே. அந்த மொட்டைப் பல்லை நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

கடைக்காரர் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்று புதுச் செயினை மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டார். சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பொய் சொல்வானேன்.

ரெண்டு நாள் தனியாக ஊரைச் சுற்றி ஓட்டினார். வண்டி நன்றாகவே போனது. மூன்றாம் நாள் நேர்முகம். பட்டுச் சேலையும் சர்டிபிகேட் பையுமாக நான் கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். சமதரையில் ஒரு குறையும் இல்லை. கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது அவர் எழுந்து நின்று அழுத்தினார். 'கடக்' என்று ஒரு சத்தம். பெடல் வெற்றாக இறங்கியது, அவர் முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி கடக்.

"நீ கொஞ்சம் கனமாத்தான் இருக்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்மாயில் அவரையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் பத்து மணிக்குள் போயாக வேண்டுமே. மேடு முழுக்க நடந்தோம். இறக்கத்தில் வண்டி தானாக உருண்டது. அதன் பிறகு கொஞ்சம் அழுத்தினாலே செயின் குதித்தது. நானும் ஏறுவதும் இறங்குவதும் ஓடுவதுமாக, டவுன் ஆரம்பிக்கிற பழங்காநத்தம் வந்து சேர்வதற்குள்ளேயே பத்தாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் முடிந்து, வேறொரு பெண்ணை எடுத்துவிட்டார்கள். அங்கிருந்த குமாஸ்தா எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

வீட்டில் மாமியார் கேட்டதற்கு, ஆள் ஏறினால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று மட்டும் இவர் சொன்னார். டவுனில் உட்கார்ந்து தின்ற உடம்பு என்று மாமியார் முடித்துவிட்டார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைக்காரரோடு சண்டை போட நானும் கிளம்பினேன். இவர் சைக்கிளில், நான் பஸ்ஸில். கடைக்காரர் சண்டைக்கே வரவில்லை. பழைய பல்சக்கரத்தைக் கழற்றித் துடைத்து, புதுசையும் பக்கத்தில் வைத்தார். புதுசில் பல்லுக்குப் பல் நடுவே இருந்த குழி ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பழசில் எல்லாப் பல்லும் ஒரே பக்கம் அரித்து, சாய்ந்து நின்றன.

"கூரா இருக்கே, இதுதான்க்கா தேஞ்ச பல்லு. பழைய செயினும் இதோட சேந்து தேஞ்சு நீண்டிருக்கும், அதனால ரெண்டும் ஒத்து ஓடும். புதுச் செயின் இதுல உக்காராது. ஒத்தை ஆளு மெதுவா மிதிச்சாத் தெரியாது, ஏத்தத்துல அமுக்குனா எகிறிரும்" என்றார்.

இவர் புதுசை மாட்டச் சொல்லிவிட்டு, பழசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம், மறுநாள் சந்தைக்கு இவரைக் கூப்பிட ரெண்டு பேர் வந்திருந்தார்கள். மாமியார் அவர்களிடமும் என் கனத்தைப் பற்றி ஆரம்பித்தார். அவர்கள் சிரித்தார்கள். நான் அடுப்படிக் கதவோரம் நின்றிருந்தேன்.

"அவ கனமெல்லாம் இல்லாத்தா" என்றார் இவர். "தேஞ்ச பல்லை இளசுன்னு நெனச்சு வாங்குனது நான். கடைக்காரரு ரெண்டு தடவை சொல்லியும் கேக்கல. அவ வேலை என்னாலதான் போச்சு."

வந்தவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை. ரெண்டு நாளும் அவர் மேல் இருந்த ஆத்திரத்திலேயே ஓடிவிட்டது. இனிச் சண்டை போட ஆள் இல்லை என்றான பிறகுதான், அந்த வேலை நிஜமாகவே போய்விட்டது என்பது எனக்கு உறைத்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.